நாலாவது கோடு

சிப்பித்துறைக்காரர்களின் உடம்பில் காவிக்கோடு விழ ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. அரசு ஆஸ்பத்திரித் தோல் பிரிவின் கோடி அறையில் சகாயராணி மூன்று டாக்டர்களை மூன்று கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஆளுக்கொரு டம்ளர் சுக்குக்காப்பியும் கொடுத்து, "ஆரம்பிங்க சார், ஆரம்பிங்க மேடம், பக்கத்துல எட்டிப் பாக்கக் கூடாது, பேசிக்கிடவும் கூடாது" என்று பரீட்சை ஹாலில் சொல்வது மாதிரிச் சொல்லி வாயை மூடிய அதே நேரம். ஏன் விழுந்தது, எப்படி விழுந்தது என்று அந்த ஊரில் போய்க் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். கேட்கிற ஆளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, யாருக்கு எங்கே விழுந்தது என்பதை மட்டும் விலாவாரியாகச் சொல்வார்கள்.

டாக்டர்கள் செய்ய உட்கார்ந்த வேலை இதுதான். தோல் வியாதிப் படங்கள் உலகத்தில் லட்சக்கணக்கில் கிடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் வெளுத்த தோல்; அதைப் பார்த்துப் படித்த டாக்டரும் சரி, பார்த்துப் பழகிய கம்ப்யூட்டரும் சரி, நம்ம நிறத்தைக் கண்டால் திருதிருவென்று முழிக்கும். அதனால் நம்மூர் உடம்புகளில் எடுத்த ஆயிரத்து இருநூறு படங்களில், மூன்று நிபுணர்கள் தனித்தனியாக, ஒவ்வொரு படையையும் சுற்றிக் கோடு போட்டு, அதன் பெயரையும் எழுத வேண்டும். மூவரில் இருவர் ஒத்துப்போனால் படம் ஆராய்ச்சிக்கென்று பூட்டப்படும், ஒத்தே போகாவிட்டால் தள்ளப்படும். படத்துக்கு நம்பர் மட்டும்தான், பேர் கிடையாது. இது யாருடைய கை, யாருடைய முதுகு என்று கண்டுபிடிக்க வழியே வைக்கமாட்டோம் என்று படம் கொடுத்த அத்தனை பேருக்கும் ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்திருந்தது.

இதையெல்லாம் கட்டி மேய்க்க சகாயராணியைப் போட்டார்களே, அங்கேதான் ஆஸ்பத்திரிக்கு நல்ல புத்தி வேலை செய்தது. இருபத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே அறையில் இருந்தவள், ஒருநாள்கூட ஒருத்தர் எலும்பை இன்னொருத்தர் கையில் கொடுத்ததில்லை. மேலேயிருந்து வந்த விதிமுறைத் தாளில் 'சிவந்த பகுதியைச் சுற்றிக் கோடிடவும்' என்று போட்டிருந்ததைப் படித்ததும், "நம்ம ஆளுகளுக்கு எங்க சார் சிவக்கு? கருக்கும், ஊதா ஓடும், இல்லைன்னா சாம்பல் பூத்தாப்ல இருக்கும்" என்று சொல்லி, தாளைத் தூரப் போட்டுவிட்டு, ஓரம் என்றால் எது, படையின் நடு என்றால் எது என்று நாலு பக்கம் தன் கையாலேயே தமிழில் எழுதிக் கொடுத்தாள். கோடு போடுகிற பேனாவுக்குச் சிவப்பு எடுபடவில்லை, நீலம் எடுபடவில்லை, மஞ்சள் கண்ணைக் கூசவைத்தது. ஒன்பது நிறம் போட்டுப் பார்த்துப் பத்தாவதாகக் காவியைப் பிடித்தாள். அந்தப் பக்கத்தில் அக்கி வந்தவர்களுக்குக் குயவர் வீட்டில் காவிமண் குழைத்து மேலில் எழுதி விடுகிற வழக்கம் உண்டென்பது ஊருக்கே தெரியும். ஆனால் சத்தியமாக அவளுக்கு அந்த நினைப்பே இல்லை, கருப்பிலும் மாநிறத்திலும் பளிச்சென்று தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தாள்.

முதல் கோடு பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடை மாஸ்டர் முத்துவீரனுக்கு விழுந்தது. மாவை வீசிக்கொண்டிருந்தவர் இடுப்பில் ஏதோ ஊர்கிறதே என்று பனியனைத் தூக்கிப் பார்த்தால், அங்கே மூன்று மாதமாகப் படுத்திக்கொண்டிருந்த படர்தாமரையைச் சுற்றி, ஈரம் காயாத காவியில் மூன்று கோடுகள். "யாரோ அக்கி எழுதுதாவ போல" என்று சொல்லிவிட்டு பனியனை இறக்கி, கல்லில் கிடந்த பரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கண்டக்டர் ஒருத்தருக்குக் கழுத்திலும், மீன் ஏலம் போடுகிற அம்மாவுக்குக் கணுக்காலிலும், தையல்கடை முதலாளிக்குச் சொல்லக்கூடாத ஓரிடத்திலும் விழுந்தது. சோப்புப் போட்டாலும் போகவில்லை, சீயக்காய் தேய்த்தாலும் போகவில்லை, படம் பூட்டப்பட்ட பிறகுதான் ரெண்டு நாளில் தானாக மங்கியது. குழாயடியில் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கோட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் எந்தக் கோடு எந்த டாக்டருடையது என்று ஊருக்கு அத்துப்படி ஆகிவிட்டது. பிரிவுத் தலைவர் நாச்சியப்பன் படையை ஒட்டி இறுக்கிப் பிடித்துப் போடுவார், அது கஞ்சக்கோடு. உலகநாதன் அக்கம்பக்கத்துத் தோலையும் சேர்த்து வளைத்துப் போடுவார், அது தாராளக்கோடு. மூவரில் இளையவளான ரஹ்மத் நிஷா ஒவ்வொரு நெளிவுக்கும் நெளிந்து, ஒவ்வொரு மேட்டுக்கும் ஏறி இறங்கிப் போடுவாள், அது எறும்புக்கோடு. பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் முழங்கையில் கோட்டைப் பார்த்து, "மூணும் ஒண்ணா விழுந்திருக்கே, அப்ப சாதாரணப் படைதான், சொகமாயிரும்" என்று சம்மதம் சொன்னார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கி எழுதுகிற சங்கிலி வேளார், தன் பூந்தொட்டி வியாபாரத்தை ஒரு காலை மூடிவைத்துவிட்டு, சண்டை போடத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வந்தவர் ஸ்க்ரீனில் ஓடுகிற கோட்டை நின்று பார்த்து, பார்க்கப் பார்க்கச் சண்டையை மறந்து, "கை சுத்தமாத்தான் இருக்கு. ஆனா இந்த சார் முனையைச் சேக்காம விடுதாரே, அது வழியா படை வெளிய போயிராதா?" என்று உலகநாதனைக் காட்டினார். உலகநாதன் வாய்விட்டுச் சிரித்தார். சகாயராணி சிரிக்கவில்லை, 'கோட்டின் முனைகள் கட்டாயம் சேர வேண்டும்' என்று ஐந்தாவது பக்கம் ஆரம்பித்தாள்.

உலகநாதனால் வந்த வினை இன்னொன்றும் உண்டு. படத்துக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு பெட்டி இருந்தது; மங்கலான படம் ஒன்றுக்கு அவர் அதில் 'தெளிவில்லை, மறுபடி எடுக்கவும்' என்று தட்டிவிட்டார். அது அப்படியே போய்ப் பூகோள வாத்தியார் ஒருத்தரின் பிடரியில் விழுந்து மூன்று நாள் நின்றது. "சார், ஒங்கள மறுபடி எடுக்கணுமாம்" என்று பின்வரிசைப் பையன்கள் ஒரு பாடம் நடத்த விடவில்லையாம். சகாயராணி அந்தப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் தன்னோடு வைத்துக்கொண்டாள், அதாவது பாஸ்வேர்டை.

கோடு ஒரு பக்கம் மட்டும் போகவில்லை, திரும்பியும் வந்தது. முத்துவீரன் மாஸ்டருக்கு டாக்டர்மார் போட்ட கோட்டில் திருப்தியில்லை, அரிப்பு கோட்டுக்கு வெளியேயும் ஒரு விரற்கடை இருந்தது. ஆர்டர் எழுதுகிற பேனாவை எடுத்துத் தன் இடுப்பில் அந்த இடத்தையும் சேர்த்து வளைத்தார், அந்த நீலக்கோடு நிஷாவின் ஸ்க்ரீனில் வந்து நின்றது. அதற்கப்புறம் நீலக்கோடுகள் தினம் வந்தன. நாச்சியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது நிபுணர் போட்டதில்லைம்மா. கணக்குல எடுக்கக் கூடாது" என்றார். விதி அப்படித்தான் சொன்னது. சகாயராணி நீலக்கோடுகளை அழிக்க மனமில்லாமல், தனியாக ஒரு இடத்தில் சேர்த்து மூடிவைத்தாள்.

நானூற்றுப் பதினேழாம் படத்துக்கு இப்போது வரவேண்டும். இடது கை, முழங்கை மூட்டுக்குக் கீழே உள்பக்கமாக, வெளுத்த படை ஒன்று, மற்றபடி விரல் நுனிவரை சாதாரணக் கை. நாச்சியப்பன் தேமல் என்று எழுதினார், உலகநாதனும் தேமல் என்று எழுதினார். நிஷா கோடு மட்டும் போட்டுவிட்டுப் பெயரை எழுதாமல் விட்டிருந்தாள். இருவர் ஒத்துப்போனால் போதும், வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் படம் பூட்டப்பட்டுவிடும். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் நிஷா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ராணிக்கா, எனக்கு இது தேமலாத் தெரியல. தோல் வறண்டு கிடக்கு, அந்த இடத்துல ஒரு முடிகூட இல்ல. தொட்டுப் பாத்தா ஒரு நிமிஷத்துல சொல்லிருவேன். படத்தை எங்க தொட?"

"தேமல் இல்லைன்னா வேற என்ன மேடம்?"

"தொழுநோயா இருக்கலாம். அந்த மூட்டுக்குப் பின்னாலதான் நரம்பு போகுது. இப்படியே விட்டா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப் போயிரும், அப்புறம் நிமிராது. சீக்கிரம் மாத்திரை ஆரம்பிச்சா விரல் தப்பிச்சிரும். ஆறு மாசம் தாண்டிட்டா கஷ்டம்க்கா."

படம் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. சகாயராணி தேதியைப் பார்க்கத்தான் ஸ்க்ரீனுக்கு நேரே குனிந்தாள், பார்த்ததோ வேறு. படத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் '417-தேமல்' என்று இருந்தது. சிப்பித்துறையில் வெளுப்பாக எது வந்தாலும் தேமல்தான், பச்சைப்பிள்ளைக்கும் தேமல், கல்யாணப் பெண்ணுக்கும் தேமல், பசுமாட்டுக்கே சிலபேர் சொல்வார்கள். வந்தவர் வாயில் வந்ததைச் சீட்டு எழுதுகிறவர் எழுதினார். சீட்டில் இருந்த சொல்லைப் படத்துக்குப் பேராக வைத்தது யார்? அவள்தான். பேரை மறைக்க நம்பர் போட்டவள், நம்பருக்குப் பக்கத்தில் விடையையும் போட்டுவிட்டாள். எட்டிப் பார்க்கக் கூடாது என்று வாய் கிழியச் சொல்லிவிட்டு, கேள்வித்தாளிலேயே விடையை அடித்துக் கொடுத்திருக்கிறாள். உட்கார்ந்து தேடினாள், அப்படி அறுபத்துமூன்று படங்கள் இருந்தன.

இன்னொருத்தராக இருந்தால் அறுபத்துமூன்று படத்தின் பேரையும் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் நேரே நாச்சியப்பன் அறைக்குப் போய், நின்றபடியே, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அதுக்காக? பேரைப் பாத்து எழுதுற ஆளா நான்? முப்பது வருஷ சர்வீஸ்மா எனக்கு!"

"நீங்க அப்படியாப்பட்ட ஆள் இல்ல சார். தப்பு எம்மேலதான். பேரு இல்லாம ஒரேயொரு தடவை பாத்திருங்க."

பேரை அழித்துவிட்டு அந்தக் கையை மட்டும் காட்டினாள். முதலில் வீம்புக்குப் பார்த்தார், பிறகு நிஜமாகவே பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். உலகநாதனையும் நிஷாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"தேமல்னு சொல்ல முடியல. இல்லைன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. தொட்டுப் பாக்கணும்" என்றார் நாச்சியப்பன், குரல் இறங்கியிருந்தது. "மூணு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா விதிப்படி தள்ளிர வேண்டியதுதான்."

"படத்தைத் தள்ளிரலாம் சார். கையைத் தள்ள முடியுமா?" என்றாள் சகாயராணி.

தள்ளினாலும் கோடு மங்கிவிடும், பூட்டினாலும் மங்கிவிடும், பிறகு அந்தக் கை ஊருக்குள் எந்தச் சட்டைக்குள் இருக்கிறதென்று கடவுளுக்குத்தான் தெரியும். பேர் இருந்த தாள்களைச் சுக்குநூறாகக் கிழித்தது சகாயராணியேதான், வாக்குக் கொடுத்தபடி ஒரு துண்டு விடாமல் கிழித்திருந்தாள். மிச்சம் இருந்த வழி ஒன்றே ஒன்று. அவள் குறிப்புப் பெட்டியைத் திறந்துவிட்டாள்.

ஆனால் என்ன எழுதுவது? எழுதுகிறது ஒரு மனுஷத் தோலில் போய் விழும். பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர் படிப்பார், வேலை கொடுத்தவர் படிப்பார். வியாதிப் பேரை எழுதினால் வியாதி என்ன செய்யுமோ அதற்கு முன்னால் ஊர் செய்துவிடும். நிஷா, "இந்த இடத்தில் உணர்ச்சி இருக்கிறதான்னு போடுவோமா?" என்றாள்.

"உணர்ச்சியா? நல்லாருக்கே! படிக்கவன் எல்லாம் கெக்கேபிக்கேன்னு சிரிப்பான் மேடம். ஓபியில எப்படிக் கேப்பிய?"

"தொட்டா தெரியுதான்னு கேப்பேன்."

"அதையே போடுங்க."

நாச்சியப்பன் இருவரையும் விலகச் சொல்லிவிட்டு, ரெண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தானே தட்டினார். 'இங்கே தொட்டா தெரியுதா?'

புதன்கிழமை பதில் இல்லை. வியாழக்கிழமையும் இல்லை. சகாயராணி பஸ்ஸில் போகும்போது ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களின் இடது கையையே பார்த்துக்கொண்டு தன் ஸ்டாப்பைத் தவறவிட்டாள், மாதா கோயிலில் நின்றபோதும் ஜெபத்தில் மனம் நிற்கவில்லை, தன் இடது கையைத் தானே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மாதாவே, அந்தப் பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியணும்" என்று மட்டும் வேண்டினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை ஒன்றும் ஓடவில்லை. மூன்று டாக்டர்களும் வேறு படங்களில் கோடு போடுவதாகப் பாவனை செய்துகொண்டு நானூற்றுப் பதினேழைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு நீலம் வந்தது. படையின் விளிம்பில் ஆரம்பித்தது, அங்கே நிற்கவில்லை. மூன்று காவிக்கோடுகளையும் தாண்டி, முன்கையின் உள்பக்கமாகக் கீழே இறங்கி, மணிக்கட்டின் ஓரமாகத் திரும்பி, சுண்டுவிரல் முழுவதையும் வளைத்து, மோதிரவிரலில் நேர்பாதியைப் பிளந்து ஏறி, வந்த வழிக்குப் பக்கத்து வழியாக மேலே போய் ஆரம்பித்த இடத்திலேயே முனையைச் சேர்த்தது. கோணல்மாணலான கோடு, பேனா நின்று நின்று போயிருந்தது. அதற்குள்ளே நெருக்கியடித்து எழுதியிருந்தது: 'இதுக்குள்ள எனக்கு ஒண்ணும் இல்ல.'

"அல்லாவே" என்றாள் நிஷா. படத்தில் யாருக்கும் தெரியாத நரம்பின் வழியை, மோதிரவிரலைப் பாதியாக வகிர்கிற அந்த இடத்தைக்கூடப் பிசகாமல், யாரோ வரைந்திருந்தார்கள். பாடப்புத்தகத்தைப் பார்த்துப் போட்டாலும் இவ்வளவு சரியாக வராது என்று உலகநாதன் மெதுவாகச் சொன்னார். மணி ஐந்தானபோதும் பூட்டுகிற பட்டனை சகாயராணி யாரையும் தொடவே விடவில்லை. 'நாளைக்கே தோல் ஆஸ்பத்திரிக்கு வாங்க. பேர் சொல்ல வேண்டாம்' என்று எழுதினாள்.

மறுநாள் காலை வந்தது முப்பத்துநாலு வயசுப் பெண், சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டிருந்தாள், உப்பளத்தில் உப்பு வாருகிறவள். பேரை யாரும் கேட்கவில்லை, அவளே "பேச்சிக்கனி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நிஷா கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சுத் திரியால் தொட்டுக்கொண்டே போனாள். கோட்டுக்கு வெளியே தொட்டால் "ம்" என்றாள், உள்ளே தொட்டால் சும்மா இருந்தாள், ஒரு மயிரிழைகூட மாறவில்லை.

"எப்படிம்மா போட்டீங்க இதை?" என்று நாச்சியப்பன் கேட்டார்.

"கையில எழுத்து வந்துச்சுல்லா சார், தொட்டா தெரியுதான்னு. இங்கன தொட்டேன், தெரியல. அப்ப எதுவரைக்கும் தெரியலைன்னு பாப்போமேன்னு கருவேலமுள்ள வச்சுக் குத்திக் குத்திப் பாத்தேன். எங்க வலிக்கலையோ அங்கன புள்ளி வச்சேன். வேலைக்கு நடுவுல பாத்தேன்லா, மூணு நாளாயிட்டு. கோவிச்சுக்கிடாதீய." பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வெடிப்புல உப்புத்தண்ணி பட்டா கூட வேல பாக்கவளுக எல்லாம் கிடந்து துடிப்பாளுவ. எனக்கு இந்தக் கை மட்டும் எரியாது. குடுத்துவச்ச கைன்னு சொல்லுவாளுவ. நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றாள்.

நாச்சியப்பன் எழுந்து நின்றார். பிரிவுத் தலைவர் நோயாளிக்கு முன்னால் எழுந்து நின்றதை அந்த ஆஸ்பத்திரி அதுவரை பார்த்ததில்லை. "முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன்மா. இப்படி ஒரு கோடு நான் போட்டதில்ல" என்றார், அது உண்மை என்று அறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நிஷா மாத்திரை அட்டையைக் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது, ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது, வேலைக்குத் தாராளமாகப் போகலாம், நரம்புக்குத் தனி மருந்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். விரல் திரும்பி வருமா என்ற கேள்விக்கு மட்டும், "முயற்சி பண்ணுவோம்க்கா" என்றாள், பொய் சொல்ல அவளுக்கு வராது.

சகாயராணி அறுபத்துமூன்று படத்தின் பேரையும் நீக்கி, மூன்று டாக்டர்களிடமும் முதலிலிருந்து கொடுத்தாள், அதில் இன்னும் நாலு கை கால்கள் கண்டுபிடிக்கப்பட்டு மாத்திரைக்கு வந்தன. நிபுணர் ஒன்று, நிபுணர் இரண்டு, நிபுணர் மூன்று என்றிருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் திறந்து, மூடிவைத்த நீலக்கோடுகளை எல்லாம் அதில் கொண்டுவந்து நிரப்பினாள். கட்டத்துக்கு என்ன தலைப்புப் போடலாம் என்று அவள் கேட்டபோது நாச்சியப்பன், "நிபுணர் நாலுன்னு போடும்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்று எரிந்து விழுந்தார். ஊருக்குள் அந்தத் 'தொட்டா தெரியுதா' கேள்வி எப்படியோ பரவி, குழாயடியில் வெளுப்பாக எதைக் காட்டினாலும் இப்போது யாரும் தேமல் என்று சட்டென்று சொல்வதில்லை, முதலில் தொட்டுவிட்டு "தெரியுதா?" என்கிறார்கள். சும்மா சந்தித்துக்கொண்டாலும் சில பேர் அப்படித்தான் குசலம் விசாரிக்கிறார்கள்.

பேச்சிக்கனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் முள்ளை எடுத்துக் குத்திப் பார்த்துப் புதுக்கோடு போட்டு அனுப்பினாள். ஒரு மாதம் கோடு அசையவே இல்லை. ரெண்டாம் மாதமும் அதே கோடு. மூன்றாம் மாதம் முழங்கைப் பக்கம் நெல்மணி அளவு உள்வாங்கியது, அதற்கு உலகநாதன் அறை முழுக்க லட்டு கொடுத்தார். பிறகு முன்கை கோட்டுக்கு வெளியே வந்தது, மணிக்கட்டும் வந்தது, அங்கே கோடு நின்றுகொண்டது. வாரத்துக்கு வாரம் விரல்கள் மட்டும் கோட்டுக்குள்ளேயே கிடந்தன. நிஷா அளந்து எழுதிக்கொண்டாள், சகாயராணி திங்கட்கிழமை என்றாலே காலையில் சாப்பிடாமல் வர ஆரம்பித்தாள்.

ஏழாம் மாதம், திங்கட்கிழமை இல்லை, ஒரு புதன்கிழமை, வெயில் உச்சியில் ஏறுகிற நேரம், கோடு எதுவும் வராமல் உள்ளங்கையில் எழுத்து மட்டும் வந்தது. ஈரக் கையில் அவசரமாக எழுதியது, மை கசிந்திருந்தது.

'டாக்டரம்மா, எரியுது.'

வாழ்க்கை முழுவதும் எரிச்சலை நிறுத்துவதற்கே மருந்தெழுதிய மூன்று பேரும் அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சகாயராணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே, "எங்கன்னு கேளுங்க மேடம், எங்கன்னு கேளுங்க" என்று நிஷாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். நிஷா கேட்டாள்.

சுண்டுவிரல் நுனியில் ஒரு நீலப்புள்ளி வந்து உட்கார்ந்தது.